6. சந்தேகப்படத் தெரிந்த காது: மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தொழிலில் நுழைய

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மருத்துவர் மாலை ஆறு மணிக்குக் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, அன்று பார்த்தவர்களைப் பற்றி வரிசையாகப் பேசிப் பதிவு செய்கிறார். குளிர்காலமாக இருந்தால் நமக்கு அப்போது விடியற்காலை நாலரை. அந்த ஆடியோ சென்னையிலோ கோவையிலோ காலை ஷிஃப்ட்டுக்கு வரும் ஒருவருடைய ஹெட்செட்டுக்குப் போகும். அங்கே எழுத்தாகி, சரிபார்க்கப்பட்டு, மறுநாள் அவர் கிளினிக்கைத் திறப்பதற்குள் நோயாளியின் கோப்பில் ஏறிவிடும். இந்த நேர வித்தியாசமும், ஆங்கிலம் படித்த பட்டதாரிகளும், அமெரிக்காவை விடக் குறைந்த கூலியும் சேர்ந்துதான் 1990-களில் இந்தத் தொழிலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன.

கேட்டு எழுதுவது என்றதும் பலர் இதைத் தட்டச்சு வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்த தைரியத்தில் வருகிறார்கள். விரல் வேகம் வேண்டியதுதான். ஆனால் நிறுவனம் உங்களுக்குக் கொடுக்கும் பணம் அந்த வேகத்துக்கு அல்ல. காதில் விழுந்த சொல் இந்த நோயாளிக்கு, இந்த நோய்க்கு, இந்த இடத்தில் பொருந்துகிறதா என்று ஒரு நொடி நின்று யோசிப்பதற்குத்தான். இன்றைக்கு அந்த யோசனை முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏன் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இப்போது இதில் இறங்கலாமா?

இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலைமை இன்று இல்லை. 2009-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த ஹைடெக் சட்டம், நோயாளிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. மருத்துவர்கள் திரையிலேயே கட்டங்களை டிக் செய்து குறிப்பெழுதத் தொடங்கினார்கள், டிக்டேஷன் குறைந்தது. இன்னொரு பக்கம், பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் மென்பொருள் வளர்ந்தது. டிராகன் மென்பொருளுக்குப் பெயர்பெற்ற நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக 2021-இல் அறிவித்து, 2022 மார்ச்சில் வாங்கி முடித்தது. இப்போது மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதை அறையிலேயே கேட்டுக் குறிப்பாக்கும் செயலிகளும் வந்துவிட்டன. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகமும் இந்த வேலைவாய்ப்பு சுருங்கும் என்றே கணிக்கிறது.

அப்படியானால் எதற்கு இந்த அத்தியாயம்? சுருங்குவது வெறும் தட்டச்சுதான். மென்பொருள் எழுதிக் கொடுத்ததை ஆடியோவோடு ஒப்பிட்டுத் திருத்தும் எடிட்டிங் வேலை, தரம் பார்க்கும் க்யூஏ வேலை, மருத்துவருக்கு உடனுக்குடன் குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலை, நோயையும் சிகிச்சையையும் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மருத்துவ அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறமை.

மென்பொருளின் தவறுக்கு ஒரு குணம் உண்டு. மனிதர் கேட்காத இடத்தில் தடுமாறுவார், மென்பொருள் தடுமாறாது. இலக்கணப் பிழையில்லாத, படிக்க நன்றாக இருக்கிற, ஆனால் மருத்துவர் சொல்லவே சொல்லாத வாக்கியத்தை எழுதிவிட்டுப் போய்விடும். ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் மென்பொருளை ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, சுமார் 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத சொற்றொடர்கள் முளைத்திருந்ததைக் காட்டியது. நூற்றில் ஒன்று என்பது மற்ற தொழிலில் சிறிய எண். மருந்து அளவு எழுதும் இடத்தில் அது சிறியதல்ல. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆளாக உங்களைத் தயார் செய்துகொள்ள முடியும் என்றால் இறங்கலாம். "வீட்டில் இருந்தபடி டைப் அடித்துச் சம்பாதிக்கலாம்" என்பது மட்டும்தான் எண்ணம் என்றால் வேறு வேலை பாருங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

எந்தப் பட்டப்படிப்பு படித்தவரும் வரலாம். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லைஃப் சயின்ஸ் படித்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் எளிதாகப் போகும். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் சொல்லில் பின்தங்கி, வாக்கியத்தில் முந்திக்கொள்வார்கள். போகப் போகச் சமமாகிவிடும். சான்றிதழைவிட முக்கியமானவை மூன்று: நல்ல ஆங்கில வாசிப்பு, எட்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்காரும் பொறுமை, தவறைச் சுட்டிக்காட்டினால் சுருங்கிப்போகாத மனம். முதல் ஆண்டு முழுவதும் க்யூஏ திருப்பி அனுப்பும் ஃபைல்களில் சிவப்புக் குறிகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பவர் முன்னேறுகிறார்; "அந்த டாக்டர் பேசுவதே புரியாது" என்று தள்ளிவிடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

ஆணும் பெண்ணும் சமமாக வரக்கூடிய தொழில் இது. ஆனால் நைட் ஷிஃப்ட், அதிகாலை ஷிஃப்ட் இல்லாத நிறுவனம் குறைவு. சேரும் முன்பே அலுவலக வண்டி உண்டா, வாரவிடுமுறை எந்த நாள், தீபாவளி, பொங்கலுக்கு விடுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். நம் பண்டிகை அமெரிக்க மருத்துவமனைக்குத் தெரியாது.

நான்கு அறிக்கைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவமனை டிக்டேஷனில் பெரும்பகுதி நான்கு வகைக்குள் அடங்கும்.

1. ஹிஸ்டரி அண்ட் ஃபிசிக்கல்: நோயாளி சேர்க்கப்படும்போது எழுதப்படுவது. என்ன தொல்லை, எப்போதிலிருந்து, பழைய நோய்கள், அறுவைகள், மருந்துகள், அலர்ஜி, குடும்ப வரலாறு, உடல் பரிசோதனை, முடிவில் மருத்துவரின் மதிப்பீடும் திட்டமும்.
2. கன்சல்டேஷன்: ஒரு மருத்துவர் இன்னொரு துறை நிபுணரிடம் கருத்துக் கேட்கும்போது, அந்த நிபுணர் தருவது.
3. ஆபரேட்டிவ் ரிப்போர்ட்: அறுவை சிகிச்சையின் படிப்படியான விவரம்.
4. டிஸ்சார்ஜ் சம்மரி: நோயாளி வீடு திரும்பும்போது, நடந்ததன் சுருக்கமும் வீட்டில் எடுக்க வேண்டிய மருந்துகளும்.

இவை தவிர கிளினிக்கில் தினசரி எழுதப்படும் சோப் நோட் உண்டு. நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, மதிப்பீடு, திட்டம் என்று நான்கே பிரிவு. புதிதாக வருபவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. குடும்ப மருத்துவமும் எலும்புச் சிகிச்சையும் முதலில் கைக்கு வரும். ஒரே மருத்துவர் ஒரே மாதிரியான வாக்கியங்களையே பத்து நோயாளிகளுக்கும் சொல்வார். ஆபரேட்டிவ் ரிப்போர்ட்டைக் கடைசிக்கு வையுங்கள். அதில் கருவிகளின் பெயர், நூலின் பெயர், நிறுவனங்களின் பெயர் எல்லாம் கலந்து வரும்.

ஓர் உதாரணம். தையல் போடும்போது அறுவை மருத்துவர் "த்ரீ ஓ விக்ரில்" என்பார். அதை 30 என்று எழுதினால் பொருளே இல்லை. 3-0 என்று நடுவில் கோடு போட வேண்டும். தையல் நூலில் பூஜ்ஜியம் கூடக்கூட நூல் மெல்லியதாகும். 4-0 என்பது 3-0-வைவிட மெல்லியது. இது தெரிந்தவர், உள்தசைக்கு 3-0 போட்டு மேல்தோலுக்கு 4-0 போட்டார் என்று வரும்போது தலையாட்டிக்கொண்டு போவார். மேல்தோலுக்கு 30 என்று மென்பொருள் எழுதியிருந்தால் உடனே கை நின்றுவிடும். சந்தேகம் அறிவிலிருந்துதான் பிறக்கிறது.

காதைத் தயார் செய்யும் முறை

மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்யப் போனால் முடிவே வராது. அவற்றைப் பிரித்துப் படியுங்கள். முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று மூன்றாக உடைத்தால் சில நூறு துண்டுகளைக்கொண்டு ஆயிரக்கணக்கான சொற்களைத் திறந்துவிடலாம். "ஐடிஸ்" என்று முடிந்தால் அழற்சி. "எக்டமி" என்றால் வெட்டி எடுப்பது. "ஆஸ்டமி" என்றால் வெளியே திறப்பு வைப்பது. "ஆட்டமி" என்றால் கீறித் திறப்பது. பெருங்குடலை வைத்தே பாருங்கள்: கோலெக்டமி, கோலாஸ்டமி, கோலாட்டமி. வேகமாகப் பேசும் மருத்துவர் வாயில் மூன்றும் ஒன்று போலவே ஒலிக்கும். ஆனால் முதல் நோயாளிக்குக் குடலின் ஒரு பகுதி இல்லை, இரண்டாம் நோயாளியின் வயிற்றில் பை தொங்குகிறது, மூன்றாம் நோயாளிக்குக் குடலைக் கீறித் தைத்திருக்கிறார்கள். எது என்பதை ஒலி சொல்லாவிட்டாலும், அறிக்கையின் மற்ற வரிகள் சொல்லும்.

காது ஏமாறும் ஜோடிகளைத் தனி நோட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தொடங்கி வைக்கச் சில:

• டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை. டிஸ்ஃபேசியா என்றால் பேச்சுக் கோளாறு. பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே வரக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.
• இலியம் என்ற ஒலிக்கு இரண்டு உறுப்புகள்: நடுவில் ஆங்கில ஈ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ எழுத்து வந்தால் இடுப்பெலும்பு.
• பெரோனியல் என்பது கால் நரம்பு; பெரினியல் என்பது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி.
• ஹைட்ராலசின் ரத்த அழுத்த மருந்து; ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது.
• செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு.

மருந்துப் பெயர் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லோசெக் என்ற மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, சிறுநீர் பெருக்கும் லேசிக்ஸ் மருந்தோடு குழம்பியது. குழப்பம் தாங்காமல் 1990-இல் அதன் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள்.

காதுக்குப் பயிற்சி கொடுக்க, எழுத்து வடிவத்தோடு சேர்த்து வெளியிடப்படும் ஆங்கில மருத்துவ உரைகளைத் தேடுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். தவறிய ஒவ்வொரு சொல்லும் ஏன் தவறியது என்று பிரியுங்கள்: சொல்லே தெரியாததா, தெரிந்தும் உச்சரிப்பு புரியாததா, கவனம் சிதறியதா? மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. அமெரிக்க உச்சரிப்பை மட்டும் பழகினால் போதாது. அங்கே பணியாற்றும் மருத்துவர்களில் இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர், அரபு நாட்டவர், லத்தீன் அமெரிக்கர் என்று பலரும் உண்டு. தொழிலில் இவர்களை ஈஎஸ்எல் டாக்டர்கள், அதாவது ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்கள், என்பார்கள். ஹைதராபாத்காரர் பேசும் ஆங்கிலம் உங்களுக்குக் கைவந்ததாக இருக்கலாம். அது சிறிய சொத்து இல்லை.

அகராதிக்கு ஸ்டெட்மன் அல்லது டோர்லேண்ட் இரண்டில் ஒன்று போதும். காசு செலவழிக்க முடியாதவர்கள் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன் பிளஸ் தளத்தையும், மருந்து விவரங்களுக்கு அதே நூலகத்தின் டெய்லிமெட் தளத்தையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தேடுபொறியில் முதலில் வரும் எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். தவறான எழுத்துக்கூட்டலுக்கும் ஆயிரம் பக்கங்கள் கிடைக்கும்.

எண்கள்: ஒரு புள்ளி, ஒரு பூஜ்ஜியம்

சொல்லைத் தவறவிட்டால் படிக்கும் மருத்துவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். எண் தவறினால் தெரியாது. எந்த எண்ணும் பார்க்க எண் மாதிரியேதான் இருக்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008-இல் நடந்தது இது. ஒரு பெண் நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனை வெளியே கொடுத்தது. அது கைமாறி இந்தியாவில் தட்டச்சானது. மருத்துவர் சொன்னது லெவெமிர் இன்சுலின் 8 யூனிட். அறிக்கையில் ஏறியது 80. அந்த எண்ணை நம்பி அடுத்த சிகிச்சை மையத்தில் ஊசி போட்டார்கள், அவர் இறந்துபோனார். 2012 டிசம்பரில் அங்குள்ள ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மருத்துவர் படித்துக் கையெழுத்திடாத அறிக்கை பயன்பாட்டுக்குப் போனது, இடையில் யாரும் அளவைக் கேள்வி கேட்காதது என்று தவறுகள் பல. சங்கிலியின் முதல் கண்ணி நம் வேலை மேஜைதான்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை 2004-இல் வெளியிட்டது. அதை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சாரம் இதுதான்:

• முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்ஜியமும் வேண்டாம். 1.0 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 10 ஆகிவிடும்.
• ஒன்றுக்குக் குறைவான எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம். .5 என்பது 5 ஆகக் கூடும், 0.5 ஆகாது.
• யூனிட் என்ற சொல்லை ஒற்றை எழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். அந்த எழுத்து பூஜ்ஜியமாகவோ நாலாகவோ தெரியும்.
• தினமும் ஒருமுறை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பவற்றின் லத்தீன் சுருக்கங்களை விட்டுவிட்டு முழு ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

இன்னொரு பழக்கம்: பதினைந்தும் ஐம்பதும், பதினாறும் அறுபதும் ஆங்கிலத்தில் காதைக் குழப்பும். இதில் எது என்று தோன்றினாலும், அந்த மருந்து எந்த அளவு மாத்திரைகளில் கிடைக்கிறது என்று டெய்லிமெட்டில் பார்த்துவிடுங்கள்.

பிளாங்க் விடுவது ஒரு கலை

மூன்று முறை கேட்டும் ஒரு சொல் பிடிபடவில்லை. என்ன செய்வது? முதலில் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு அந்த இடத்தைத் தாண்டிப்போய் அறிக்கையை முடியுங்கள். பத்தில் ஆறேழு தடவை அதே சொல்லை மருத்துவர் பின்னால் தெளிவாகச் சொல்லியிருப்பார். அதே மருத்துவரின் பழைய அறிக்கை இருந்தால் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிளாங்க் விட்டு, ஆடியோவில் எத்தனையாவது நிமிடம், நொடி என்று குறித்து, உங்களுக்கு என்ன ஒலி கேட்டது என்பதையும் எழுதி க்யூஏவுக்கு அனுப்புங்கள்.

புதியவர்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். ஒருவர் எட்டு பிளாங்க் விட்டு அனுப்புவார். தேடிப் பார்க்கச் சோம்பல். இன்னொருவர் ஒரு பிளாங்க்கும் விடாமல் அனுப்புவார். தெரியாததை ஊகித்து நிரப்பியிருப்பார். நிறுவனத்துக்கு முதலாமவர் செலவு, இரண்டாமவர் ஆபத்து. பிளாங்க் கண்ணில் படும், யாராவது நிரப்புவார்கள். ஊகித்து எழுதியது கண்ணில் படாது.

அறிக்கைக்குள்ளேயே முரண் வந்தாலும் இதே விதிதான். தொடக்கத்தில் வலது முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, பரிசோதனையில் இடது முழங்கால் வீங்கியிருக்கிறது என்கிறார். எது சரி என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி மாற்றவும் கூடாது. சொன்னபடி எழுதி, முரணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். வாக்கியத்தில் ஒருமை பன்மை பிழை இருந்தால் திருத்தலாமா என்பது ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும், அதாவது வேலை கொடுக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், வேறுபடும். சில மருத்துவமனைகள் சொல்லுக்குச் சொல் அப்படியே கேட்கும். சில இலக்கணத்தைச் சீராக்கச் சொல்லும். அந்த அக்கவுண்ட்டின் விதித்தாளைப் படிக்காமல் முதல் ஃபைலைத் திறக்காதீர்கள்.

கருவிகளும் வேலை இடமும்

காலால் அழுத்தி ஆடியோவை ஓட்டவும் நிறுத்தவும் பின்னால் இழுக்கவும் ஃபுட் பெடல் வேண்டும். கை கீபோர்டை விட்டு எழாமல் இருப்பதால் நாளைக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். காதை முழுதாக மூடும் வயர் உள்ள ஹெட்செட் வாங்குங்கள். ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும். பயிற்சிக்கு எக்ஸ்பிரஸ் ஸ்க்ரைப் போன்ற ஆடியோ மென்பொருள் போதும். வேலையில் சேர்ந்தால் நிறுவனமே தன் மென்பொருளைத் தரும்.

அடிக்கடி வரும் சொற்றொடர்களைச் சுருக்க விசையில் வைத்துக்கொள்வது வேகத்தைக் கூட்டும். வேர்டு மென்பொருளின் ஆட்டோகரெக்ட்டே இதைச் செய்யும். மூன்றெழுத்து தட்டினால் "நார்மல் வரம்புக்குள் உள்ளது" என்ற முழு வாக்கியமும் ஆங்கிலத்தில் விழும். ஆனால் பத்தி பத்தியாகச் சுருக்கம் வைக்காதீர்கள். கால் நீக்கப்பட்ட நோயாளிக்கு இரண்டு பாதங்களிலும் நாடித்துடிப்பு நார்மல் என்று அறிக்கை போவது இப்படித்தான்.

வீட்டிலிருந்து வேலை என்றால் யூபிஎஸ், பிராட்பேண்ட், அது போனால் மொபைல் ஹாட்ஸ்பாட் மூன்றும் தயாராக இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பைச் செய்தித்தாளில் தவறாமல் பாருங்கள். அன்றைக்கு ஷிஃப்ட்டை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். பல அக்கவுண்ட்களில் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும்; ஸ்டாட் என்று குறித்து வரும் அவசர ஃபைலுக்குச் சில மணி நேரமே கெடு. "கரண்ட் இல்லை" என்பது கெடுவுக்குப் பதிலாகாது.

மணிக்கட்டு வலி, கழுத்து வலி, காது இரைச்சல் மூன்றும் இந்தத் தொழிலின் நோய்கள். ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். புரியாத சொல் சத்தம் கூட்டினால் புரிந்துவிடாது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கூலிக் கணக்கு

பல இடங்களில் சம்பளம் வரிக்கணக்கில்தான். திரையில் தெரியும் வரி அல்ல. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்துக் குறிகள் ஒரு வரி என்பது பரவலாக இருக்கும் அளவு. சில நிறுவனங்கள் இடைவெளியைக் கழித்து, தெரியும் எழுத்துகளை மட்டும் எண்ணும். ஒரே அறிக்கைக்கு இந்த இரண்டு கணக்கிலும் வரி எண்ணிக்கை வேறுபடும். ஆகவே வரிக்கு எவ்வளவு என்று கேட்கும் முன், எது ஒரு வரி என்று கேளுங்கள்.

ஒரு நிமிட டிக்டேஷன் ஏறக்குறைய பத்து வரி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு ஒரு நிமிட ஆடியோவை எழுத ஐந்தாறு நிமிடம் ஆகும்; மணிக்கு நூறு, நூற்றிருபது வரி. பழகியவர் மூன்று நிமிடத்தில் முடிப்பார். மணிக்கு இருநூறு வரி. கணக்குக்காக வரிக்கு ஒரு ரூபாய் என்று எடுத்தால், ஏழு மணி நேர வேலைக்கு முன்னவருக்கு எழுநூறு சொச்சம், பின்னவருக்கு ஆயிரத்து நானூறு. எடிட்டிங்குக்கு வரிவிலை பெரும்பாலும் பாதிதான் இருக்கும்; வேகம் இரட்டிப்பாகும் என்ற கணிப்பு. மென்பொருள் சரியாக எழுதாத மருத்துவர்களாக உங்கள் தலையில் விழுந்தால் வேகம் இரட்டிப்பாகாது, வருமானம் விழும். "எடிட்டிங்குக்கு லாயக்கில்லாத ஃபைலை டைப்பிங் விலைக்கு மாற்றுவீர்களா?" என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

துல்லியம் 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அதைக் கணக்கிடும் முறையையும் கேளுங்கள். காற்புள்ளி விட்டதற்கும் மருந்து மாறியதற்கும் ஒரே மதிப்பெண் கழிக்கும் இடத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

வாயைத் திறக்கக் கூடாத வேலை

1996-இல் வந்த ஹிப்பா சட்டம் அமெரிக்க நோயாளிகளின் தகவலுக்குக் காவல். மருத்துவமனைக்கு வேலை செய்யும் நிறுவனமும் ஒப்பந்தத்தின் வழியாக இதற்குக் கட்டுப்பட்டது. அங்கே வேலை செய்யும் நீங்களும் அந்தக் கட்டுக்குள் வருகிறீர்கள். இந்தியாவிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

2003-இல் சான்பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கராச்சியில் இருந்த ஒரு டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட். தனக்குக் கூலி வரவில்லை, தராவிட்டால் நோயாளிகளின் குறிப்புகளை இணையத்தில் போடுவேன் என்று எழுதியிருந்தார். கை மாறிக் கை மாறி வேலை அவ்வளவு தூரம் போயிருப்பது மருத்துவமனைக்கே அப்போதுதான் தெரிந்தது. இதில் இரண்டு பாடம் இருக்கிறது: கூலிப் பிரச்சினை எதுவானாலும் நோயாளியின் தகவலைப் பிணையாக வைக்கக் கூடாது, யாருக்காக, எத்தனையாவது கைக்கு வேலை செய்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சேரவும் கூடாது.

நடைமுறையில் தவறு இவ்வளவு பெரிதாக நடப்பதில்லை. ஒரு வரி புரியவில்லை என்று திரையை ஃபோட்டோ எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது என்னங்க?" என்று கேட்பார்கள். மேலே மூலையில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். இதுவே வேலை போகப் போதுமானது. அறிக்கையை இலவச ஏஐ செயலியில் ஒட்டித் திருத்தச் சொல்வதும் இதே குற்றம்தான். பிரவுசிங் சென்டரிலோ, வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கணினியிலோ வேலை செய்யாதீர்கள்.

ஏமாறாமல் வேலை தேடுவது

"நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு வைக்கும் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்சியில் உண்மையான மருத்துவர் குரல்களா, பயிற்சியாளரே படித்துப் பதிவு செய்ததா? எழுதியதைத் திருத்தித் தருபவர் தொழிலில் இருந்தவரா? முன்பு படித்தவர்கள் இருவரிடம் பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டு வேலை என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவரிடமிருந்து விலகியே இருங்கள். இதில் ஒரு மோசடி வழக்கமாக நடக்கிறது: ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முடிக்கவே முடியாத பக்கங்களைக் கொடுத்து, துல்லியம் குறைந்துவிட்டது என்று கூறி, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாக மிரட்டிப் பணம் பறிப்பார்கள். பயந்து பணம் கட்டாதீர்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். நேர்மையான நிறுவனம் உங்களுக்கு ஆடியோ கொடுத்துத் தேர்வு வைக்கும்; உங்களிடம் பணம் கேட்காது.

இங்கிருந்து எங்கே?

இரண்டு ஆண்டு டைப்பிங், எடிட்டிங் அனுபவத்துக்குப் பிறகு அடுத்த படியைத் திட்டமிடுங்கள். க்யூஏவாக உயர்வது நேர்வழி. மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போதே இணைய வழியில் கேட்டுக் குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலைக்கு ஆங்கிலப் பேச்சும் பழகியிருக்க வேண்டும். மெடிக்கல் கோடிங் இன்னொரு வழி. சென்னை, திருச்சி, கோவை, சேலம் ஆகிய ஊர்களில் அதற்கு ஆள் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் ஐசிடி-10 குறியீட்டு முறை நடப்பில் உள்ளது. ஆயிரம் ஆபரேட்டிவ் ரிப்போர்ட் எழுதியவருக்கு அதைப் படித்துக் கோடு போடுவது புதிதாக வருபவரைவிட எளிது. ஏஏபிசி அமைப்பின் சிபிசி சான்றிதழ் அங்கே மதிக்கப்படுகிறது.

பயிற்சி

கீழே உள்ள ஒவ்வொன்றையும் நீங்கள் கேட்டதாக எண்ணி, என்ன செய்வீர்கள் என்று எழுதிவிட்டு விடையைப் பாருங்கள்.

1. "லோராசெபாம் பாயின்ட் ஃபைவ் மில்லிகிராம்."
2. "மெட்ஃபார்மின் ஃபைவ் தௌசண்ட் மில்லிகிராம், தினமும் இருமுறை."
3. அறுவையின் பெயர் கோலெக்டமியா கோலாஸ்டமியா என்று தெளிவில்லை. பின்னால், ஸ்டோமா ஆரோக்கியமாக இளஞ்சிவப்பாக இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது.
4. பரிந்துரைத்த மருத்துவரின் குடும்பப் பெயர் இருமலில் மறைந்துவிட்டது.

விடைகள்:

1. 0.5 என்று எழுதுங்கள். முன் பூஜ்ஜியம் கட்டாயம்.
2. ஒருநாள் உச்ச அளவையே பல மடங்கு தாண்டுகிறது. 500 என்றுதான் சொல்லியிருப்பார் என்று நீங்களாக மாற்றக் கூடாது. அக்கவுண்ட் விதிப்படி பிளாங்க் விட்டோ, கேட்டபடி எழுதியோ, அளவைக் கேள்விக்குறியிட்டு க்யூஏவுக்கு அனுப்புங்கள்.
3. ஸ்டோமா இருப்பதால் குடலை வெளியே திறந்து வைத்திருக்கிறார்கள்; கோலாஸ்டமி பொருந்துகிறது. ஆனால் குடலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் திறப்பும் வைத்திருக்கலாம். முழு ஆபரேஷன் விவரத்தைப் படித்த பிறகும் உறுதி இல்லை என்றால் குறிப்பிட்டு அனுப்புங்கள்.
4. அக்கவுண்ட்டின் மருத்துவர் பட்டியலில் தேடுங்கள். ஒத்த பெயர் இரண்டு இருந்தால் நேரத்தைக் குறித்துப் பிளாங்க் விடுங்கள். தவறான மருத்துவருக்கு அறிக்கை போவது ஹிப்பா மீறல்.

நான்கில் இரண்டிலாவது "இதுதானே இருக்கும்" என்று நிரப்பியிருந்தால், இன்னும் ஒரு மாதம் எடிட்டிங்குக்கு விண்ணப்பிக்காமல் டைப்பிங் பயிற்சியிலேயே இருங்கள். நான்கிலும் நின்று தேடியிருந்தால், வேகம் குறைவு என்ற ஒன்றுதான் உங்கள் பிரச்சினை. அது பழகப் பழக வந்துவிடும்.